உடம்பு வளைகிறது, உணவு மாற மறுக்கிறது: யோகப் பயிற்சி பற்றிய வாசகர் கேள்வி பதில்

புதிதாக யோகப் பயிற்சி தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மாதங்களில் எதை எதிர்பார்க்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆசனங்களைப் பற்றிக் கேட்கவில்லை; உணவைப் பற்றியே கேட்டிருந்தன. பயிற்சியைத் தொடர விருப்பம் இருந்தும், சாப்பாட்டை மாற்ற முடியாத வருத்தத்திலேயே பலர் பயிற்சியையும் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது அக்கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இம்முறை உணவு தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களைத் தவிர்த்து, நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. முதுகு வலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரமே காபி, வெங்காயம், பூண்டு, அசைவம், இரவில் சோறு ஆகிய ஐந்தையும் விட்டுவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். பத்து நாள் பிடிவாதமாக இருந்தேன். வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று செய்து சலித்துப்போனேன். ஒரு விசேஷ வீட்டில் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வகுப்புக்குப் போகவும் கூச்சமாக இருப்பதால் ஒரு மாதமாகப் போகவில்லை. நாக்கைக் கட்டுப்படுத்த முடியாத நான் யோகா செய்யத் தகுதியற்றவளா? (வாசகி, திருச்சி)

பதில்: நாளைக் காலையே வகுப்புக்குப் போங்கள், சகோதரி. சாப்பாட்டை ஒழுங்குபடுத்திய பிறகு திரும்பலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, முந்தைய நாள் நீங்கள் என்ன உண்டீர்கள் என்று விசாரித்துவிட்டுப் பலன் தருவதில்லை. தகுதி என்னும் கேள்வியே இங்கே எழக் கூடாது.

உங்களுக்கு நேர்ந்ததை மனவுறுதிக் குறைவு என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். நான் அப்படி எண்ணவில்லை. பல்லாண்டுகளாக ஊறிப்போன ஐந்து பழக்கங்களை ஒரே வாரத்தில் விடச் சொல்லியிருக்கிறார்கள்; அதே வாரத்தில் விடியுமுன் எழுந்து வகுப்புக்கு வரும் புதிய பழக்கம் ஒன்றையும் ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். நாள்தோறும் குடித்துவந்த காபியைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் எரிச்சலும் சோர்வும் தொடங்கி, சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். அந்தத் தலைவலியோடு அலுவலகம் போய், இரண்டு விதமாகச் சமைத்து, ஆசனமும் பழகி, பத்து நாள் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். அது சிறிய காரியம் அன்று.

விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமரின் ஹட யோக பிரதீபிகையில் அப்படியொரு பட்டியல் இருக்கிறது. மது, மீன், இறைச்சி, பூண்டு ஆகியவற்றோடு பெருங்காயம், கடுகு, எள், கொள்ளு, தயிர், மோர் ஆகியவையும் யோகிக்கு ஆகாதவை என்று அது சொல்கிறது. வெங்காயத்தின் பெயர் அந்த வரிகளில் இல்லை. ஏற்கத்தக்கவை என்று அரிசி, கோதுமை, பார்லி, பால், நெய், வெண்ணெய், சர்க்கரை, தேன், சுக்கு, பச்சைப்பயறு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. கடுகு தாளிக்காமல், பெருங்காயம் போடாமல், மோர் ஊற்றிக்கொள்ளாமல் நம் வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடு முடியுமா? அந்தப் பட்டியல் குடும்பத்தை விட்டு ஒதுங்கி, நாளின் பெரும்பகுதியை மூச்சுப் பயிற்சியிலேயே கழித்த சாதகர்களுக்காக எழுதப்பட்டது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறவருக்கு அதை அப்படியே சுமத்துவது பொருந்தாது.

அதே நூல் யோகத்தைக் கெடுப்பவை என்று ஆறு குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. முதலாவது அளவுக்கு மீறி உண்பது. அதே வரிசையில், விதிகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதும் ஒரு குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு உரை எழுதிய பிரம்மானந்தர், விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பது, பழம் மட்டுமே உண்பது போன்ற கடுமையான நியமங்களையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். பட்டியலை மட்டும் படித்துவிட்டு இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகிற ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தெரியாமலேயே தீங்கு செய்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. நவீன யோகத்தின் பேராசான்களில் ஒருவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கேற்ப அமைத்துக் கொடுத்தவர். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில்தான் கற்பித்துவருகிறது. ஆசனத்தையே ஆளுக்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்போது, உணவை மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். புரட்டாசி மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் அசைவம் உண்ணும் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு மாதம் எளிதாக விட்டுவிடுகின்றன. அவர்களுக்கு அந்த மாதத்தில் மட்டும் மனவுறுதி கூடிவிடுவதில்லை. வீட்டுக்கே ஒரே சமையல் நடக்கிறது. அக்கம்பக்கத்திலும் அதே பேச்சு. கறிக்கடைப் பக்கம் யாரும் போவதில்லை. நீங்கள் தனியொருவராக, தனிப் பாத்திரத்தில், தனித் தட்டில் மாற முயன்றீர்கள். அதனால்தான் பத்து நாளில் களைத்துப்போனீர்கள். ஆகவே, உங்களுக்கென்று தனிச் சமையல் செய்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். மாற்றத்தை உங்கள் தட்டில் செய்யாமல் வீட்டின் பொதுப் பாத்திரத்தில் செய்யுங்கள். பருப்பைக் கூட்டிச் சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள். ஒரு பொரியல் செய்கிற இடத்தில் பொரியலும் ஒரு கூட்டும் செய்யுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியங்கள் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறிகளும் கீரைகளும் 400 கிராம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அரிசியைவிடக் காய்கறி எடையில் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டுத் தட்டுகளில் இது தலைகீழாக இருக்கிறது. இந்த மாற்றம் உங்கள் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது என்பதால் இதற்காக நீங்கள் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வெங்காயமும் பூண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கென்று ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். காலைப் பயிற்சி சரியாக அமைவதும் அமையாததும் முந்தைய இரவைப் பொறுத்தே இருக்கிறது. பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டு பதினொன்றுக்குப் படுத்தவருக்கு ஐந்து மணிக்கு எழுவதே கடினம். எழுந்தாலும் உடல் கனத்துக் கிடக்கும். முன்னதாக, அளவாக உண்டவருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, காலையில் பசியோடு எழுகிறார், பயிற்சியும் இலகுவாகிறது. இரவில் சோறா இட்லியா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். வயிற்றில் நான்கில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும் என்று பிரதீபிகை சொல்லும் அளவு விதியை மட்டும் இந்த ஒரு வேளைக்குக் கடைப்பிடித்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை நான் அறிவேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்பதும், மீந்ததை வீணாக்க மனமில்லாமல் தாமே உண்டு முடிப்பதும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கமாக இருக்கிறது. இரவு உணவு தள்ளிப்போவதற்கும் அளவு கூடுவதற்கும் பெரும்பாலான வீடுகளில் இதுவே காரணம். எட்டு மணிக்கு நீங்கள் முதலில் உண்டுவிட்டுப் பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். அல்லது பரிமாறும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறாகும். முதல் சில நாள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். முதுகு வலி குறைய வேண்டுமானால் இது தேவை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் பழையபடி தொடருங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலேயே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. எனவே விசேஷ வீட்டில் உண்ட ஒரு வேளைச் சாப்பாடு உங்கள் பத்து நாளை அழித்துவிடவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் போயிற்று என்று நீங்கள் எண்ணியதுதான் அழித்தது. இரவு உணவு நேரம் நிலைபெற்ற பிறகு, விருப்பமிருந்தால் காபியையோ வேறொன்றையோ பற்றி யோசிக்கலாம். அதுவரை வகுப்பில் கேட்டால், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் அதை ஏற்றுக்கொள்வார்.

கேள்வி: காலையில் காபி குடிக்காமல் எனக்கு எதுவும் ஓடாது. குடித்துவிட்டு யோகா செய்யலாமா? காபியை அறவே விட வேண்டுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அறவே விட வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். எழுந்ததும் ஒரு குவளை வெந்நீர் அருந்திவிட்டுப் பயிற்சி செய்யுங்கள், பயிற்சி முடிந்ததும் காபி குடியுங்கள். வெறும் வயிற்றில் குடிக்கும் காபி அமிலச் சுரப்பைத் தூண்டும். பாலும் சேர்ந்திருப்பதால் வயிற்றில் சற்று நேரம் தங்கும். குனியும் ஆசனங்களில் அது தொல்லை தரும். பயிற்சிக்குப் பின் காபி என்று வைத்துக்கொண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. காபிக்காக ஏங்கும் மனமே உங்களைப் பாய் விரிக்க வைக்கும்.

மாலைக் காபியைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். உடலில் சேரும் காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக் காபியின் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உங்களை விழிக்க வைத்துக்கொண்டிருக்கும். பிறகு காலையில் எழ முடியாமல் மேலும் காபி வேண்டியிருக்கிறது. அதைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம் இருக்கும் என்பதால், இரண்டு கரண்டி வீதம் மூன்று காபி குடிப்பவர் காபியிலேயே 25 கிராமை எட்டிவிடுகிறார் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. மென்பொருள் நிறுவனத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10:30 வரை ஷிஃப்ட். வரும் வழியில் பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டு 12:30-க்குப் படுக்கிறேன். காலை 6 மணிக்கு யோகா செய்கிறேன். குனிந்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் வருகின்றன. சர்வாங்காசனத்தில் உணவே மேலே வருவதுபோல் இருக்கிறது. (வாசகர், கோவை)

பதில்: திட உணவு இரைப்பையைவிட்டு நீங்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவானால் இன்னும் நேரம் பிடிக்கும். நீங்களோ உண்ட ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறீர்கள். படுத்த நிலையில் இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவது எளிது. இரவெல்லாம் அப்படி எரிந்துபோன இடத்தைக் காலையில் தலைகீழ் ஆசனத்தால் மேலும் புண்படுத்துகிறீர்கள். இதோடு ஐந்தரை மணி நேரத் தூக்கம் வேறு. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு, எண்ணெய்ப் பண்ட ஆசையும் கூடும் என்பதால், உணவை மாற்றும் முயற்சி அங்கேயே தோற்றுவிடுகிறது.

காலை 6 மணி என்பதை விட்டுவிடுங்கள். விடியற்காலைப் பயிற்சிக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமை இரவு ஒன்பது மணிக்குப் படுக்கிறவர்களுடையது. எட்டு மணி வரை உறங்கிவிட்டு எட்டரைக்குப் பயிற்சி செய்யுங்கள். பிறகு சிற்றுண்டி, வேலைக்குப் புறப்படுமுன் ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. அலுவலகத்தில் ஏழு மணி அளவில் கிடைக்கும் இடைவேளையை உங்கள் இரவு உணவு நேரமாக்குங்கள். வீட்டிலிருந்து சப்பாத்தியும் காய்கறிக் குருமாவுமோ, தயிர்ச் சோறும் பொரியலுமோ எடுத்துச் செல்லுங்கள். கட்டிக்கொண்டு போக முடியாத நாளில் அலுவலக உணவகத்தில் இட்லி கிடைக்கும். பதினொரு மணிக்கு வீடு திரும்பும்போது பசித்தால் ஒரு வாழைப்பழமும் சிறிது பாலும் போதும். பரோட்டாவையும் பிரியாணியையும் உங்களிடமிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை. விடுமுறை நாள் மதியத்தில் உண்ணுங்கள்.

எரிச்சல் அடங்கும்வரை சர்வாங்காசனம், ஹலாசனம் இரண்டும் வேண்டாம். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். சில வாரங்களில் குறையாவிட்டாலோ, விழுங்கும்போது அடைப்பதுபோல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 61. சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகள் எடுத்துவருகிறேன். யோகா தொடங்கியதிலிருந்து இரவில் ஒரு கிண்ணம் காய்கறிச் சூப் மட்டும். காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யும்போது வியர்த்து, கை நடுங்கிக் கண் இருட்டுகிறது. உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது என்றும், விரைவில் மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்றும் உடன் பயிலும் நண்பர் சொல்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கடிதத்துக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பலரும் யோகா பழகுவதால் இங்கேயும் அச்சிடுகிறேன்.

நச்சு எதுவும் வெளியேறவில்லை. இவை இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வதற்கான அறிகுறிகள். கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் உணவைக் குறைத்தாலும் அது தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாது. இரவு உணவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டு, மாத்திரை அளவை அப்படியே வைத்து, காலையில் உடற்பயிற்சியும் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். அடுத்த முறை நடுக்கம் வந்தால் உடனே பயிற்சியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் குடித்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உணவையும் பயிற்சியையும் மாற்றியிருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை இரவில் இரண்டு இட்லியோ, ஒரு கோதுமைத் தோசையும் சுண்டலுமோ முறையாக உண்ணுங்கள். காலையில் பயிற்சிக்கு முன் வீட்டுக் கருவியில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சிறிது உண்டு, அரை மணி நேரம் கழித்து மெதுவான பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள். வெறும் வயிறு என்ற விதி உங்களுக்குக் கட்டாயமில்லை.

கேள்வி: கல்லூரி மாணவி, வயது 20. யோகா செய்வதோடு சாத்விகமாக வாழ வேண்டும் என்று முட்டை, மீன், பால், தயிர் எல்லாவற்றையும் விட்டு எட்டு மாதம் ஆகிறது. இரவில் பழங்கள் மட்டும். முதலில் உடம்பு இலகுவாக இருந்தது. இப்போது முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. விடுதியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே பயமாக இருக்கிறது. உணவை இன்னும் சுத்தமாக்க வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம் அம்மா. இன்னும் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் சென்று ஹீமோகுளோபின், பி12, இரும்புச் சத்து இருப்பு, தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எல்லாம் உண்ணும் பெண்களின் நிலையே இப்படி என்றால், நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! பி12 கீரையிலோ பயறிலோ பழத்திலோ கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே நமக்கு வருகிறது. அது குறைந்தால் இரத்தம் மட்டுமின்றி நரம்புகளும் பழுதாகும். விரல் மரத்துப்போவதை நான் கவலையோடு பார்ப்பது அதனால்தான்.

நீங்கள் பின்பற்ற விரும்பும் யோக மரபு பாலையும் நெய்யையும் விலக்கவில்லை, போற்றுகிறது. கீதையின் 17-ஆம் அத்தியாயம் சாத்விக உணவைப் பேசும் இடத்தில் எந்தப் பண்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆயுள், வலிமை, ஆரோக்கியம், மகிழ்ச்சி ஆகியவற்றை வளர்ப்பது எதுவோ அதுவே சாத்விகம் என்கிறது. அந்த அளவுகோலில் உங்கள் தற்போதைய உணவு தேறாது. விடுதியில் கிடைக்கும் சாம்பார், சுண்டல், கீரை, தயிர் ஆகியவற்றை மூன்று வேளையும் உண்ணுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் வேண்டாம். உயிர்களிடத்து இரக்கத்தால் பாலை விட்டீர்கள் என்றால் அந்த முடிவை மதிக்கிறேன். ஆனால் மருத்துவர் தரும் பி12 மாத்திரை இல்லாமல் அந்த வழியில் போகக் கூடாது.

மற்றவர்களோடு அமர்ந்து உண்ணப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த வரிதான். உணவைக் கண்டு அச்சமும் உண்டபின் குற்றவுணர்வும் வந்தால் அது கட்டுப்பாட்டின் அடையாளமன்று, உதவி தேவை என்பதன் அடையாளம். அம்மாவிடமோ நம்பிக்கையான ஒரு பேராசிரியரிடமோ இதைச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் மறைக்காதீர்கள், தேவையானால் மனநல ஆலோசகரிடம் அவர் அனுப்பிவைப்பார். உடல் தேறும்வரை வேகமான சூரிய நமஸ்காரச் சுற்றுகளை நிறுத்திவிட்டு, எளிய மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் மட்டும் செய்தால் போதும்.

கேள்வி: கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவன். மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லை. யோகா கற்றுக்கொள்ள ஆசை. மீனை விட்டால்தான் கற்க முடியும் என்றால் எனக்கு இயலாது. என்ன செய்ய? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். மீன் உண்கிறவரின் மூட்டும் தசையும் மூச்சும் ஆசனத்துக்கு இணங்கவே செய்யும். பதஞ்சலியின் யோக சூத்திரம் கொல்லாமையை முதல் ஒழுக்கமாக வைக்கிறது என்பது உண்மை; அதை முன்னிட்டுப் புலால் விடுகிறவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது ஒருவருக்கு உள்ளிருந்து வர வேண்டிய முடிவு. வகுப்பில் சேர்வதற்கான நிபந்தனையாக அதை வைப்பது, தலைமுறைகளாகக் கடலை நம்பி வாழும் ஊர்களையே வாசலுக்கு வெளியே நிறுத்துவதாகும். அதில் எனக்கு உடன்பாடில்லை.

உணவு என்ற அளவில் உங்கள் வீட்டு மீன் நல்ல உணவு. சாளையிலும் அயிலையிலும் இதயத்துக்கு நன்மை தரும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. ஒன்று, குழம்பு ருசியாக இருக்கும் நாளில் சோறு இரு மடங்காகிவிடுவது. இன்னொன்று கருவாடு. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுவீர்கள். ஆகவே கருவாட்டை எப்போதாவது ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் அதுவும் வேண்டாம். மீன் குழம்பு மதியத்தில் இருக்கட்டும், அதோடு ஒரு கீரையோ காயோ கட்டாயம் இருக்கட்டும். மாலையில் பயிற்சி செய்வதானால் மதியச் சாப்பாட்டிலிருந்து நான்கு மணி நேரம் விட்டுத் தொடங்குங்கள். பொரித்த மீன் உண்ட நாளில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளுங்கள்.